கலாதேவி அக்காவுக்கு ஒரு செம்பு

மழை பிடித்துக்கொள்வதற்குள் புனிதாவைக் கூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் அன்று தொழிற்சாலையில் அனுமதி வாங்கிக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே டயாலிசிஸ் நிலையத்துக்கு வந்தேன். ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டு வரிசையின் மாடி அது. கீழே ஷாஃபி பாயின் சாப்பாட்டுக் கடை. மீன்குழம்பு வாசத்தோடு படியேறினால் மேலே போகப் போகக் குளோரின் வாசம் வந்துவிடும். கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க, பக்கத்தில் இருக்கும் இயந்திரம் அவர் ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

என் மனைவி புனிதாவுக்கு நாற்பது வயதாவதற்குள் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று முறை இங்கே வந்தால்தான் அவளுக்கு உயிர். நான் வந்ததும் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"கலாதேவி அக்கா வரலையா?" என்று கேட்டேன்.

அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி நூருல் ஹுதா தலையை ஆட்டினாள். ஷாஃபி பாயின் தங்கச்சி மகள், நல்ல பெண். "பெரியாஸ்பத்திரியில நேத்து தவறிட்டாங்க அண்ணே. இன்னைக்கே தகனமும் ஆயிருச்சு. ஆள் யாரும் இல்லலா, கோயில் சங்கத்துக்காரங்கதான் எல்லாம் செஞ்சாங்க."

கலாதேவி ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டதும் ஈப்போவுக்கு வந்து பள்ளிக்கூடங்களில் துப்புரவு வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிட்னி போனவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு, ஒரு சின்ன போத்தலுக்கு மேல் போகக் கூடாது. குடித்தால் வெளியே போக வழியில்லை. காலில் நிற்கும், முகத்தில் நிற்கும், கடைசியில் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கலாதேவி அக்கா வேறு எதையும் பேசமாட்டார். நான் வந்தால் முதல் கேள்வியே, "தம்பி, இன்னைக்கு என்ன குடிச்சீங்க?" என்பதுதான். ஐஸ் கச்சாங் என்று சொன்னால், சிரப்பு என்ன நிறம், ஐஸ் எவ்வளவு, கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேனா என்று வரிசையாகக் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அதை நினைத்தால் தாங்க முடியவில்லை.

வண்டி மெங்லெம்பு தாண்டியது. அதற்கப்புறம்தான் புனிதா சொன்னாள்.

"முந்தாநேத்து நான் பார்க்கப் போனேன்ல. தண்ணி தண்ணினு கேட்டாங்க. கொடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சேன். அதைக் கடிச்சு உறிஞ்சாங்க. பல்லுல இருந்து எடுக்கவே முடியலங்க."

"சரி விடு."

"வாயில பால் ஊத்தக்கூட ஒரு ஆள் இல்ல."

லகாட்டில் எங்கள் வீடு ஈயம் தோண்டி விட்ட பழைய லம்பத்துக் குளம் ஒன்றின் ஓரத்தில் இருக்கிற ஒற்றை மாடி வரிசை வீடு. உள்ளே நுழைந்ததும் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் நான் ஒரு கடல் வைத்திருந்தேன். பொய்யில்லை, உண்மையான கடல்தான். உயிருள்ள பவளங்கள் பச்சையும் ஊதாவுமாக விரிந்து ஆடும், நடுவில் இரண்டு கோமாளி மீன்கள். கல்யாணமான புதிதில் பங்கோர் தீவுக்குப் போனபோது புனிதா அடியில் கண்ணாடி பதித்த படகில் குனிந்து பவளத்தைப் பார்த்தவள் நிமிரவே மாட்டேன் என்றாள். டயாலிசிஸ் தொடங்கியபின் எங்கும் போக முடியாமல் ஆனது. சரி, கடலை வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று நான் கிளம்பினேன்.

கடல் செய்வதில் பெரிய வேலை உப்பு இல்லை, தண்ணீர். நம் குழாய்த் தண்ணீர் மனிதனுக்கு ஆகும், பவளத்துக்கு ஆகாது. அதில் குளோரின் உண்டு, சுண்ணாம்பு உண்டு, பழைய குழாயின் துரு உண்டு. அதனால் பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே சுவரில் வடிகட்டிகளை வரிசையாக மாட்டியிருந்தேன். முதலில் பஞ்சு, சேறும் துருவும் அதில் நிற்கும். அடுத்து கரி, அது குளோரினைத் தின்னும். பிறகு ஒரு சவ்வு. அதன் வழியாக அழுத்தித் தள்ளும்போது கொஞ்சம் தண்ணீர் மட்டும் சுத்தமாக மறுபக்கம் போகும், மிச்சம் எல்லா அழுக்கையும் சுமந்துகொண்டு கழிவுக் குழாயில் ஓடிவிடும். கடைசியாக மணி மணியாக ரெசின் நிரப்பிய குழல். அதையும் தாண்டி வருவதில் கரைந்திருப்பதை அளக்கும் என் மீட்டரை முக்கினால் பூஜ்யம் காட்டும். தண்ணீரைத் தவிர எதுவுமே இல்லாத தண்ணீர். ஆனால் நூல் போலத்தான் வரும். ஒரு வாளி நிறைவதற்குள் சமையலை முடித்துவிடலாம்.

அந்தத் தண்ணீரை தோங் என்று நாங்கள் சொல்லும் மூடியுள்ள ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்துத் தொட்டிக்குக் கீழே வைத்திருப்பேன். தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைகிற அளவுக்குத் தோங்கிலிருந்து ஒரு சின்ன பம்ப் தானாக ஊற்றும். ஊற்றாவிட்டால் கடல் கரித்துப்போகும், பவளம் செத்துவிடும்.

புனிதா இதையெல்லாம் கலாதேவி அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். என் தண்ணீரைப் பற்றிப் பெருமையாக. "ஈப்போவுலயே அவ்ளோ சுத்தமான தண்ணி இல்லனு இவரு சொல்வாரு அக்கா" என்று. அந்த அக்காவும் இவள் போகும்போதெல்லாம், "ஒரு நாளைக்கு ஒரு வாய் கொண்டாந்து குடு புள்ள" என்று கேட்டிருக்கிறார். கொடுக்க முடியுமா?

அன்று சாயங்காலம் புனிதா என்னிடம் ஒரு பித்தளைச் செம்பை நீட்டினாள்.

"உங்க தண்ணியில ஒரு செம்பு வேணும். அக்காவுக்கு வைக்கணும்."

நம் வீடுகளில் சாவு விழுந்தால், கருமாதிவரை செத்தவர் கிடந்த இடத்தில் விளக்கேற்றி ஒரு செம்பில் தண்ணீர் வைப்பது வழக்கம்தான். ஆனால் அது அவரவர் வீட்டில், அவரவர் ஆட்களுக்கு. எனக்கு நம்பிக்கை கிடையாது. மீட்டர் காட்டுவதை நம்புகிறவன் நான். அழுத கண்ணோடு நிற்கிறவளிடம் வழக்காட மனமில்லாமல் தோங்கைத் திறந்து மொண்டு கொடுத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் விளக்கேற்றிச் செம்பை வைத்தாள்.

"கலாதேவி அக்கா, வந்து குடிங்க. நான் புனிதா கூப்பிடுறேன். வயிறாரக் குடிங்க."

மறுநாள் விடிந்ததும் பார்த்தேன். செம்பு காலி. குறையவில்லை, காலி. உள்பக்கம் துடைத்து வைத்ததுபோல உலர்ந்திருந்தது.

புனிதா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பூனையாக இருக்கும் என்றேன். எங்கள் வீட்டில் பூனை இல்லை.

தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் என் அக்கா விமலாவிடம் போனில் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"நம்ம வீட்டுச் சாவு இல்லடா அது. ரத்தம் கித்தம் எதும் இல்லாத ஆள பேரு சொல்லி உள்ள கூப்பிட்டா, அப்புறம் யாருடா அனுப்புறது? எடுத்துரு."

"புனிதா அழுவாக்கா."

"அழுவட்டும்."

நான் எடுக்கவில்லை. புனிதா தினமும் செம்பை நிரப்பினாள், தினமும் அது காய்ந்து கிடந்தது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைக் கெடுப்பானேன் என்று இருந்தேன்.

அடுத்த டயாலிசிஸ் அன்று எடை பார்த்த மிஸ்ஸி முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, என்னக்கா இது? எவ்ளோ குடிச்சீங்க?"

"ஒண்ணுமே குடிக்கலமா."

"பொய் சொல்லாதீங்கக்கா. இவ்ளோத்தையும் ஒரே தடவையில எடுத்தா இதயம் தாங்காது."

வீட்டுக்கு வரும் வழியில் நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். திருட்டுத்தனமாகக் குடிக்கிறாயா, உனக்கு உயிர்மேல் ஆசை இல்லையா என்றெல்லாம். அவள் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. தலையணைக்கு அடியில் போத்தல் தேடினேன். குளியலறைக் குழாயைத் திறக்க முடியாமல் கட்டினேன். அவளுக்கு ஒதுக்கிய சின்ன போத்தலை நானே வைத்திருந்து வாய் வாயாகக் கொடுத்தேன். என்னைப் பார்த்த அவள் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அப்படியும் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு வாங்கியதால் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஒரு சாயங்காலம். வெளியே பெருமழை. கூடத்தில் தொட்டியின் நீல வெளிச்சமும் அந்த விளக்கும் மட்டும். புனிதா வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவளைக் காவல் காத்தேன். காவல்தான், வேறு என்ன சொல்ல?

மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது.

மடக்.

தொட்டியின் பம்ப் என்று நினைத்தேன்.

மடக்.

செம்பைப் பார்த்தேன். விளிம்புவரை இருந்த தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க இன்னும் இறங்கியது. மேல்பரப்பு ஆடவில்லை.

புனிதாவைப் பார்த்தேன்.

அவள் தொண்டை அசைந்தது.

செம்பில் ஒரு விரல் இறங்கும். அவள் தொண்டை ஏறி இறங்கும். மறுபடியும். மறுபடியும். தூக்கத்தில் அவள் உதடுகள் ஒட்டியே இருந்தன. கடைசி மிடறுக்கு அப்புறம், நல்ல தாகத்தில் குடித்து முடித்தவர் விடுவதுபோல ஒரு பெருமூச்சு வந்தது. அது புனிதாவின் குரல் இல்லை.

எழுந்து ஓடி விளக்கை அணைத்தேன். செம்பை வாசலுக்கு எறிந்தேன். புனிதா திடுக்கிட்டு எழுந்து, "என்னங்க?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பாவி, அவளைத்தானே சந்தேகப்பட்டேன்.

செம்பு போனதும் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேலையிலிருந்து வந்தால் தொட்டிக்குக் கீழே பம்ப் வெறும் காற்றை இழுத்து அலறிக்கொண்டிருந்தது. முதல்நாள் நிரப்பிய தோங் மூடியபடியே இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு ஈரம்கூட இல்லை. புனிதாவின் முகம் கண்ணே தெரியாமல் வீங்கியிருந்தது.

வடிகட்டியைக் கழற்றி மேலே பரணில் போட்டேன். வீட்டுக்குள் வந்தது குழாய்த் தண்ணீரைச் சீண்டவில்லை என்பதைக் கவனித்தேன். சமையல்கட்டு வாளி நிறைந்தபடியே இருந்தது. நான் செய்த தண்ணீர், புனிதா பெயர் சொல்லிக் கொடுத்த தண்ணீர், அதுதான் வேண்டும்.

அப்படியானால் வீட்டில் இன்னும் நிறைய இருந்தது. அந்தக் கடல் முழுவதும் நான் செய்த தண்ணீர்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை. டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாள் இடைவெளி, நோயாளிகளுக்கு ஆபத்தான நாட்கள் அவைதான். எழுந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. மேலே இருந்த பவளங்கள் காற்றில் தொங்கின. புனிதா சோபாவில் முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரங்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

"தாகமா இருக்குங்க," என்றாள். "தொண்ட எரியுதுங்க. கடலத் தின்ன மாதிரி இருக்கு."

ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். சாலையில் விபத்து, வர நேரமாகும், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள் என்றார்கள். என் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பம்பைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டுக் குழாயை வாசல் சாக்கடையில் விட்டேன். குடிக்க ஒன்றுமில்லை என்றால் போய்விடும் என்று புத்தி சொன்னது. தண்ணீர் வேகமாக வெளியேறியது. பவளங்கள் ஒவ்வொன்றாக நிறம் மங்கிச் சரிந்தன. மீன்கள் மணலில் துடித்தன. அழுகல் வாடை கிளம்பியது.

பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

மடக். மடக். மடக்.

திரும்பினேன். புனிதாவின் தொண்டை நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சுவிட இடைவெளி இல்லை. கண்கள் என்னையே பார்த்தன, கைகள் காற்றைப் பிடித்தன. வாசல் சாக்கடையில் நான் விட்ட தண்ணீரைக் காணவில்லை. குழாய் கொட்டிக்கொண்டிருந்தது, சாக்கடை காய்ந்திருந்தது.

வீணாகப் போகிறதே என்று அவசர அவசரமாகக் குடிக்கிறார்.

பம்பை நிறுத்தினேன். தொண்டை நிற்கவில்லை. தொட்டியின் அடியில் மிச்சம் இருந்தது இறங்கிக்கொண்டே வந்தது. விமலாவுக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"அவங்களுக்கு வாய் இல்லடா. எரிச்சுட்டாங்கல்ல. குடிக்கிறதுக்கு ஒரு வாய் வேணும். புனிதா கூப்பிட்டா, அவ வாயப் புடிச்சுக்கிட்டாங்க."

"எப்படிக்கா விடுவாங்க?"

"வேற வாய் கிடைச்சாதான்." பிறகு குரல் மாறியது. "டேய், நீ கூப்பிடாத. கேக்குதா? நீ கூப்பிடக் கூடாது."

போனைக் கீழே வைத்தேன். வாசலில் கிடந்த செம்பை எடுத்து வந்து குழாய்த் தண்ணீரைப் பிடித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். செம்பில் ஒரு அசைவும் இல்லை. புனிதாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அவருக்கு இது வேண்டாம். அந்தத் தண்ணீர்தான் வேண்டும். அதை நான்தான் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஒழித்துவிட்டேன். தொட்டியின் அடியில் சேறும் மணலும்தான் கிடந்தன.

பரணிலிருந்து வடிகட்டியை இழுத்தேன். அது என் முகத்தில் இடித்து ரத்தம் வந்தது. குழாயில் மாட்டித் திறந்தேன். சும்மா கிடந்த வடிகட்டியில் முதலில் வருவது அழுக்கு, அதைக் கொட்டிவிட வேண்டும். மீட்டரை வைத்தேன். எண் பெரியதாக நின்றது. நூல் போல ஒழுகியது. கூடத்திலிருந்து புனிதாவின் மூச்சு கேட்டது, கொதிக்கும் சட்டியில் குமிழி வெடிப்பதுபோல. எண் இறங்கியது. மறுபடியும் நின்றது. என் வாழ்க்கையில் எத்தனையோ வாளி பிடித்திருக்கிறேன், அது இவ்வளவு மெதுவாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். ஓடிப்போய் அவளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு ஓடிவந்தேன். எண் இறங்கியது.

பூஜ்யம்.

செம்பின் அடியில் ஒரு வாய் அளவுக்குச் சேரும்வரைதான் பொறுத்தேன். கூடத்துக்குக் கொண்டுவந்து புனிதாவின் காலடியில் வைத்து நானும் உட்கார்ந்தேன்.

"கலாதேவி அக்கா. நான் யுகேந்திரன் கூப்பிடுறேன். புனிதாவ விட்டுருங்கக்கா. அவளால அத வெளிய விட முடியாது, உங்களுக்குத் தெரியும்ல. எனக்கு எல்லாம் நல்லா இருக்கு. எவ்ளோ வேணும்னாலும் என் வாயால குடிங்க. தினமும் தாரேன். அவள விட்டுருங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"அக்கா, உங்க கால்ல விழறேன்."

புனிதாவின் தொண்டை நின்றது.

செம்பில் இருந்த தண்ணீர் இறங்கியது. மூடியிருந்த என் வாய்க்குள் நாக்கு தானாகப் பின்னால் போனது. குளிர்ச்சியாக, எந்தச் சுவையும் இல்லாமல், ஒரு வாய் என் தொண்டையில் இறங்கியது.

புனிதா ஒரு நீண்ட மூச்சை இழுத்தாள். தெரு முனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

அவள் பிழைத்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் அவசரமாக டயாலிசிஸ் செய்து தண்ணீரை இறக்கினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் எடை சரியாக நின்றது. மிஸ்ஸி நூருல் ஹுதா, "இப்பதான் நல்ல புள்ள" என்று அவளைக் கன்னத்தில் கிள்ளினாள். கூடத்தில் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மீன் வேண்டாம் என்று புனிதாவே சொல்லிவிட்டாள். கலாதேவி அக்கா பெயரை இருவருமே எடுப்பதில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

வடிகட்டி மட்டும் பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அவள் எழுவதற்குள் ஒரு செம்பு பிடித்துத் துணி இயந்திரத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். வேலையில் நிற்கும்போது தொண்டையில் தானாக ஒரு வாய் இறங்கும். கூட்டாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போது இறங்கும். அடிக்கடி கழிவறைக்கு ஓடுவேன், சூப்பர்வைசர் முறைப்பார். அவ்வளவுதான். பழகிவிட்டது. சில நாள் ஒரு மாதிரி சந்தோஷம்கூட வரும். பாவம், கடைசிக் காலமெல்லாம் தாகத்தோடு இருந்த மனுஷி, குடிக்கட்டுமே என்று. புனிதா உயிரோடு இருக்கிறாள், எனக்கு அது போதும்.

போன வாரம் புனிதாவைக் கூட்டிவரப் போனேன். அன்று காலையிலிருந்தே லகாட் முழுக்கத் தண்ணீர் வெட்டு. செம்பைக் காலியாகவே கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு நாள் ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

படியேறியதும் வெளி பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர். நான் அதுவரை பார்த்ததில்லை. கையிலிருந்த அட்டையில் பத்துமலை என்று பெயர் இருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"புனிதா வீட்டுக்காரருதானே நீங்க?"

"ஆமாங்கய்யா. எப்படித் தெரியும்?"

"அந்த அம்மா சொன்னாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க தண்ணியில ருசியே இல்லயாம். ஆனா நிறுத்தவே முடியலயாம்."

"எந்த அம்மா?"

அவர் உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"நான் போனப்புறம் எனக்கும் ஒண்ணு வைங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. உங்க வாய் எல்லாருக்கும் போதும்னு சொன்னாங்க."

நான் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்தேன். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எப்போதும் கண்ணை மூடிக் கிடப்பவர்கள் அன்று ஒருவரும் தூங்கவில்லை. இரண்டு வரிசையிலும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன.

புனிதாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறி மெங்லெம்பு தாண்டினோம். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் தொடையில் கையை வைத்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"எனக்கும் வைப்பீங்கல்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டில் செம்பு காலியாகக் கவிழ்ந்துதான் கிடந்தது. தொண்டையில் குளிர்ச்சியாக ஒரு வாய் இறங்கியது. அது அடங்குவதற்குள் இன்னொன்று இறங்கியது. அடுத்து இன்னொன்று.